கப்பல் இராத்தங்கினால் பள்ளுருத்திக்கு என்ன?

சொகுசுக் கப்பல்களின் பயண அட்டவணையை எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு துறைமுகத்தின் பெயருக்கு எதிரேயும் இரண்டு நேரங்கள் குறிக்கப்பட்டிருக்கும். ஒன்று வந்தணையும் நேரம். மற்றது புறப்படும் நேரம். இடையில் இருப்பது பெரும்பாலும் எட்டு அல்லது பத்து மணி நேரம். காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு இறங்கியவர், மாலைத் தேநீருக்குள் ஏறிவிட வேண்டும். மிகச் சில துறைகளுக்கு எதிரே மட்டும் புறப்பாடு மறுநாளுக்குத் தள்ளப்பட்டிருக்கும். கப்பல் அங்கே இராத்தங்குகிறது என்று பொருள். கொச்சி அவ்வப்போது அப்பேறு வாய்க்கும் துறை.

இச்செய்தியில் அக்கறை கொள்ளத்தக்கவர்கள் நம் வாசகர்களுள் இரு சாரார். பணிஓய்வுத் தொகையில் சிறு பங்கை எடுத்து ஒருமுறை கப்பலேறிப் பார்த்துவிட வேண்டும் என்று எண்ணுவோர் ஒரு சாரார். 2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்தே கார்டீலியா கப்பல் புறப்படத் தொடங்கி, அடுத்த ஆண்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போய்வந்த பிறகு, அவ்வெண்ணம் எட்டாக்கனியாக இல்லை. கப்பல் வந்து நிற்கும் ஊரில் கடையோ, ஆட்டோவோ, சிற்றுண்டிச்சாலையோ நடத்தி, அதன் வரவை வங்கிக் கணக்கில் போட்டுவருவோர் மற்றொரு சாரார். இவ்விருவரும் ஒருவரையொருவர் சந்திக்க வாய்ப்புள்ள நேரம் கப்பல் இராத்தங்கும் நேரமே. கொச்சியில் அந்நேரம் பெரும்பாலும் வீணாகிறது என்பது நம் கருத்து.

கப்பல் நிறுவனம் தன் விருப்பத்தால் ஒரு துறையில் இரவைக் கழிப்பதில்லை. துறையில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் கட்டணம் உண்டு. அதைவிடப் பெரிய இழப்பு கப்பலுக்குள்ளேயே நேர்கிறது. கரையில் கட்டப்பட்டிருக்கும்வரை வரியில்லாக் கடைகளையும் சூதாட்டக் கூடத்தையும் மூடிவைக்க வேண்டும் என்பதே பெரும்பாலான நாடுகளின் சுங்க நடைமுறை. இரவு வருமானம் மிகுதியாகக் கொட்டும் இடங்கள் அவை இரண்டும். இவ்வளவையும் விட்டுக்கொடுத்து ஒரு நிறுவனம் இராத்தங்க இசைகிறது என்றால், அந்த ஊரை ஒரு பகலில் பார்த்து முடிக்க இயலாது என்று அது கணக்கிட்டிருக்கிறது. ருசியாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் கப்பற்பயணிகள் ஏற்பாட்டுச் சுற்றுலாவில் வந்தால் 72 மணி நேரம்வரை நுழைவிசைவு இல்லாமலே இறங்கலாம் என்று 2009இல் விதி செய்யப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் இரண்டு மூன்று நாள் தங்கிய கப்பல்கள் அவ்வூருக்குப் பழக்கமாயின. மும்பையில் தங்கும் கப்பலிலிருந்து ஆக்ராவுக்கு விமானமேறிப் போய்த் தாஜ்மகாலைக் கண்டு திரும்புவோர் உண்டு. கொச்சியில் தங்குவதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது ஆலப்புழைப் படகுவீடு.

படகுவீட்டைப் பற்றி ஒரு சொல். ஆலப்புழை கொச்சிக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மாலை ஐந்தரை மணி அளவில் படகுவீடுகளைக் கரையோரம் கட்டிவிடுவார்கள். இருட்டிய பின் காயல் மீனவர்கள் வலை விரிக்கும் நேரம் அது. பகலெல்லாம் மட்டாஞ்சேரியைச் சுற்றிவிட்டு மாலையில் போய்ச் சேர்கிறவருக்குக் கிடைப்பது மிதக்கும் விடுதியறை மட்டுமே. போவதானால் முதல்நாள் நண்பகலுக்குள் போய்ச் சேர வேண்டும். கப்பலின் வரவேற்பு மேசையில் இரவு வெளியே தங்கப்போவதாக முன்கூட்டியே சொல்லியும் வைக்க வேண்டும். மூணாறு போய்வரலாமா என்று கேட்போர்க்கு, வேண்டாம் என்பதே நம் விடை. மலைப்பாதையில் போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம். தேயிலைத் தோட்டத்தைக் காருக்குள் இருந்தபடி பார்த்ததே மிச்சமாகும்.

கப்பலுக்குள் அந்த இரவு எப்படி இருக்கும்? உணவுக்கூடத்தில் பாதி மேசைகள் காலியாக இருக்கும். இது நல்லதே, பணியாளர்கள் நின்று பேசுவார்கள். பெரிய நிகழ்ச்சிகளை வைக்கமாட்டார்கள். அதற்கு மாறாக உள்ளூர்க் கலைக்குழு ஒன்று மேலே வந்து ஆடிவிட்டுப் போகலாம். கரைப்பக்கத்து அறையில் இருப்போர்க்கு உறக்கம் கெடும். கடலில் ஓடும்போது காதுக்குப் பழகிப்போன ஒலி நின்று, சரக்குத்தூக்கிகளின் ஓசையும் மேடை விளக்குகளின் வெளிச்சமும் வந்து சேரும். குடிநீர், காய்கறி, எரிபொருள் ஆகியவற்றை ஏற்றுவதும் குப்பையை இறக்குவதும் பெரும்பாலும் இத்தகைய தங்கலின்போதுதான். பலகணி வைத்த அறைக்குக் கூடுதல் பணம் கொடுத்தவர்கள், தங்கள் அறை துறைமேடைப் பக்கம் விழுமா நீர்ப்பக்கம் விழுமா என்று முன்னரே கேட்டுப் பயனில்லை. கப்பல் எந்தப் பக்கமாக அணைக்கப்படும் என்பது காற்றையும் நீரோட்டத்தையும் துறைமுக வழிகாட்டியையும் பொறுத்தது.

ஏணிப்படி இரவு முழுவதும் இறக்கப்பட்டே இருக்கும். கப்பல் கொடுத்த அட்டையைக் காட்டி இறங்கலாம், ஏறலாம். துறைமுக வாயிலில் காவலர் கேட்கும் ஆவணமும் உடனிருக்க வேண்டும். வெளிநாட்டவருக்கு மின்-விசா ஏற்கப்படும் இந்தியத் துறைமுகங்களுள் கொச்சியும் ஒன்று. எனினும் இந்தியாவில் முதலில் தொடும் துறை இதுவாக இருந்தால், குடியகல்வு அதிகாரிகள் ஒவ்வொருவர் முகத்தையும் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டு முடிக்கும்வரை எவரும் இறங்க இயலாது. அம்முற்பகல் வரிசையில் கழிந்துவிடும். ஒரு பகல் மட்டும் நிற்கும் கப்பலில் வருவோர்க்கு இது பேரிழப்பு. இராத்தங்கும் கப்பலில் வருவோர் பதற வேண்டியதில்லை. வரிசை கரைந்த பின் நிதானமாக இறங்கினாலும் ஒன்றும் குறையாது.

கடிகாரத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். நம் நாட்டு நேரத்தில் அரை மணி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாலத்தீவு நம்மைவிட அரை மணி பின்தங்கியது. துபாய் ஒன்றரை மணி. கப்பலில் எந்த நேரம் வழங்குகிறதோ அதுவே புறப்பாட்டுக்குக் கணக்கு. கைப்பேசியோ கரையேறியதும் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும். கப்பலை விட்டு இறங்குமுன் இரண்டையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போனவர்கள் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும்; தாமே வண்டி அமர்த்திப் போனவர்களுக்காகக் காத்திராது. அடுத்த துறைவரை தம் செலவில் போய்ச் சேர வேண்டியதுதான். இந்த அச்சமே பலரைக் கப்பல் நிறுவனத்தின் பேருந்தை விட்டு அகலவிடாமல் கட்டிப்போடுகிறது. முதல்நாள் மாலையும் இரவும் இவ்வச்சத்திற்கு இடமில்லை என்பதைப் பயணிகள் மறந்துவிடுகிறார்கள். கப்பல் எங்கும் போகப்போவதில்லை. பத்து மணிக்கு வந்தாலும் பன்னிரண்டு மணிக்கு வந்தாலும் ஏணி அங்கேயே இருக்கும்.

இனி, ஊர். கொச்சியில் கப்பல் அணையும் வெல்லிங்டன் தீவு இயற்கை தந்த தீவன்று. 1920இல் இங்கு வந்த பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ, துறைமுக வாயிலை அடைத்துக்கொண்டிருந்த மணல்திட்டை வெட்டி ஆழப்படுத்தினார். 1928 மே மாதத்தில் ‘பத்மா’ என்னும் கப்பல் உள்துறைக்குள் நுழைந்தது. அதுவரை பெரிய கப்பல்கள் வெளிக்கடலில் நின்று, தோணிகளில் சரக்கை இறக்கின. தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டிக் காயலின் நடுவே 700 ஏக்கருக்கும் மேல் நிலம் ஆக்கினார்கள்; அதுவே இத்தீவு. இதன் எர்ணாகுளம் துறைமேடையில், ‘சாகரிகா’ என்னும் பன்னாட்டுக் கப்பற்பயணிகள் முனையத்தை 2021 பிப்ரவரியில் பிரதமர் நாட்டுக்கு ஒப்படைத்தார். அதற்குச் சுமார் 25 கோடி ரூபாய் செலவாயிற்று. 2024 செப்டம்பரில் மைய அரசு ‘குரூஸ் பாரத்’ இயக்கத்தைத் தொடங்கி, 2029க்குள் நாட்டின் கப்பற்பயணிகள் போக்குவரத்தை இருமடங்காக்குவது என்று இலக்கு வைத்தது. கட்டடமும் இலக்கும் ஆயிற்று. முனையத்தின் வாயிலுக்கு வெளியே நடப்பதில்தான் நமக்கு அக்கறை.

துறைமுகம் ஈட்டுவது பக்கத்து ஊர்க்காரன் கைக்கு வந்து சேர்வது கொச்சியில் என்றுமே எளிதாக இருந்ததில்லை. மட்டாஞ்சேரித் துறையில் ஒரு காலத்தில் ‘சாப்பா’ என்று ஒரு முறை இருந்தது. நாள்தோறும் விடியலில் கூலிக்காகக் கூடி நிற்கும் கூட்டத்தின் நடுவே, கங்காணிகள் உலோக வில்லைகளை வீசி எறிவார்கள். அடிபிடியில் வில்லையைக் கைப்பற்றியவனுக்கு அன்றைக்கு வேலை. மற்றவன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். இதை எதிர்த்து நின்ற தொழிலாளர் மீது 1953 செப்டம்பர் 15ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது; உயிர்கள் போயின. இராஜீவ் ரவி இயக்கி 2023இல் வெளிவந்த ‘துறைமுகம்’ என்னும் மலையாளப் படம் இவ்வரலாற்றைச் சொல்வது. இன்றைக்கு வில்லை எறிபவர் எவருமில்லை. ஆனால் கப்பலிலிருந்து இறங்கும் பேருந்து எந்தக் கடை வாசலில் நிற்கும், எதன் வாசலில் நிற்காது என்பதை வேறெங்கோ இருப்பவர் தீர்மானிக்கிறார். பேருந்து நிற்காத தெருவுக்குக் கப்பல் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான்.

தீவிலிருந்து பாலத்தைக் கடந்தால் மேற்குக் கொச்சியின் தோப்பும்படிச் சந்திப்பு. கப்பல் சுற்றுலாப் பேருந்துகள் அங்கே வலப்பக்கம் திரும்பும். மட்டாஞ்சேரி, யூதத்தெரு, கோட்டைக்கொச்சி, சீன வலை ஆகியவை எல்லாம் அப்பக்கம். பார்க்கத்தக்கவை என்பதில் ஐயமில்லை. 1568இல் எழுந்த பரதேசி யூதத் தேவாலயமும், போர்த்துக்கீசியர் கட்டிக்கொடுத்து டச்சுக்காரர் பழுதுபார்த்த மட்டாஞ்சேரி அரண்மனையும், 1524இல் இவ்வூரில் இறந்த வாஸ்கோட காமாவை முதலில் அடக்கம் செய்த புனித பிரான்சிஸ் தேவாலயமும் ஒரே நடையில் பார்த்துவிடக்கூடிய தொலைவில் உள்ளன. ஆயினும் அரண்மனை வெள்ளிக்கிழமையும் யூதத் தேவாலயம் சனிக்கிழமையும் மூடியிருக்கும். கப்பல் வெள்ளியன்று வந்து சனியன்று புறப்படுவதாக இருந்தால், முதல்நாள் முற்பகலிலேயே யூதத் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு, அரண்மனையை மறுநாளுக்கு வைத்துக்கொள்வதே வழி. தமிழ் வாசகர்கள் கோட்டைக்கொச்சியில் தவறாமல் பார்க்க வேண்டிய இடம் மற்றொன்று உண்டு, வண்ணார் சலவைத்துறை. டச்சுப் படையின் உடைகளை வெளுப்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே துவைத்து, கொடியில் உலர்த்தி, பெட்டிபோட்டுக் கொடுக்கிறார்கள். 1976இல் நகர வளர்ச்சிக் குழுமம் கட்டிக்கொடுத்த தொட்டிகள் அவை. பிழைப்பின் நடுவே நின்று படமெடுப்போர், எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்பது முறை. தமிழில் கேட்கலாம்.

மாலையானதும் இப்பக்கம் ஓய்ந்துவிடுகிறது. நினைவுப்பொருள் கடைகள் கதவடைக்கின்றன. கதகளி அரங்குகளில் ஐந்து மணிக்கு முகத்தில் வண்ணம் தீட்டத் தொடங்கி, ஆறு மணிக்கு மேல் ஆடி, இரவு எட்டுக்குள் முடித்துவிடுகிறார்கள். ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் கொச்சி-முசிறி இருபதாண்டு—அல்ல, ஈராண்டுக் கலைவிழா டிசம்பரில் தொடங்கும் ஆண்டுகளில் இன்னும் சிறிது நேரம் கூடுதலாக விளக்கெரியும். அதன் பிறகு, இராத்தங்கலுக்கென்று வந்த கப்பலின் பயணிகள் ஒன்பது மணிக்கே அறைக்குத் திரும்பித் தொலைக்காட்சி பார்க்கிறார்கள். நிறுவனம் சூதாட்டக் கூடத்தை மூடியது இதற்காகவா?

தோப்பும்படியில் இடப்பக்கம் திரும்பினால் வருவது பள்ளுருத்தி. சுற்றுலாக் கையேடுகளில் இப்பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பது அரிது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளும், தையற்கடைகளும், நகைக்கடைகளும், மீன்கூடைகளும், மாலை மயங்கியதும் கல்லில் பொரோட்டா தட்டும் தட்டுக்கடைகளும் நிறைந்த, மனிதர்கள் வாழும் ஊர். கப்பற்பயணி ஒருவர் இந்தியாவில் ஓர் ஊரின் மாலைப்பொழுதைப் பார்க்க விரும்பினால், அவருக்கென்று ஒப்பனை செய்யப்படாத இந்த ஊரையே நாம் காட்டுவோம். இங்குள்ள ஸ்ரீபவானீசுவரர் கோயில் 1916இல் ஸ்ரீநாராயண குரு நிறுவியது. அழகியகாவு பகவதி கோயிலில் தனு மாதத்தில், அதாவது நம் மார்கழியில், ‘புலவாணிபம்’ என்னும் சந்தை கூடுகிறது. ஆண்டு முழுவதும் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த புலையர் மக்கள் அந்த ஒருநாள் மட்டும் உள்ளே வர இசைவு பெற்றதன் நினைவு அது என்பது மரபு. பாயும் மண்பாண்டமும் கருவாடும் விற்கும் அச்சந்தையில், நாட்டு வரலாற்றின் ஒரு கசப்பான ஏடும் கூடவே விரிந்து கிடக்கிறது. மார்கழி, கப்பல் பருவத்தின் நடுமாதம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பள்ளுருத்தியைக் கடந்து பெரும்படப்புப் பாலம் ஏறி இறங்கினால் கும்பளங்கி. 2019இல் வந்த ‘கும்பளங்கி நைட்ஸ்’ படத்தால் தமிழ்நாட்டிலும் பலருக்குத் தெரிந்த பெயர். அங்கே கோடைத் தொடக்க மாதங்களில், காயல்நீரில் உப்பு ஏறும்போது, ‘கவரு’ என்னும் ஒளி தோன்றும். நீரில் வாழும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், துடுப்போ மீனோ அலைத்தால் நீலமாக ஒளிர்கின்றன. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக மின்னியபோது நள்ளிரவில் மக்கள் திரண்டார்களே, அதே இனத்தைச் சேர்ந்த காட்சிதான் இது. கடலில் அது அத்திபூத்தாற்போல் வருவது. கும்பளங்கியின் நீர்க்கட்டுகளில் நல்ல கோடையில் வாரக்கணக்கில் நிற்கும். மழை விழுந்து உப்புக் குறைந்தால் போய்விடும். இருட்டு இருந்தால்தான் தெரியும். நிலவு காய்ந்தால் மங்கும்.

மாலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடும் கப்பலின் பயணிக்கு இதைக் காண வழியே கிடையாது. இராத்தங்கும் கப்பலின் பயணிக்கு அரை மணிப் பயணத்தொலைவில் கிடைக்கிறது. கொச்சிக்கு ஓரிரவை ஒதுக்கியதற்கு இதைவிடச் சிறந்த கைம்மாறு என்ன இருக்க முடியும்? ஆயினும் மார்ச், ஏப்ரலில் வந்து தங்கும் கப்பலின் பயணிகளைத் தோப்பும்படியில் இடப்பக்கம் திருப்புவதற்கு எந்த ஏற்பாடும் நம் கண்ணில் படவில்லை.

ஏன் இழுத்துவர வேண்டும், இருக்கிற அமைதியே போதும் என்று ஊரார் சிலர் சொல்வார்கள். அது தள்ளிவிடக்கூடிய வாதம் அன்று. படம் வந்த பின் கவரு பார்க்கத் திரண்ட கூட்டம், நீரைக் கலக்குவதற்காகக் கல்லெறிந்ததையும் குப்பை போட்டதையும் அவர்கள் பார்த்தவர்கள். வெனிஸ் நகரம் தன் நடுக்கால்வாயில் பெருங்கப்பல்கள் நுழைவதைத் தடுக்க 2021 ஆகஸ்டுவரை போராட வேண்டியிருந்தது. ஆனால் வெனிசை வருத்தியது காலையில் ஆயிரக்கணக்கானோரைக் கொட்டி மாலையில் அள்ளிச் செல்லும் வகை வருகை. இரவில் தானாக வெளியே வருகிறவர் தொகை சிறிது. அவர் மெதுவாக நடப்பவர், உட்கார்ந்து உண்பவர், ஆட்டோவுக்கும் தோணிக்கும் பணம் கொடுப்பவர். பத்துப் பேருந்துகளைக் கும்பளங்கிக்கு அனுப்புங்கள் என்று நாம் சொல்லவில்லை, ஒன்றுகூட வேண்டாம். ஓர் இரவில் நூறு பேர், ஆறு பேருக்கொரு தோணி, கரையில் விளக்கு இல்லை, கையில் கைப்பேசி வெளிச்சம் இல்லை என்று பஞ்சாயத்தே வரம்பு கட்டினால் போதும். தோணிக்காரருக்கும் வருமானம், கவருக்கும் கேடில்லை.

பணம் கைமாறும் இடத்தில்தான் இத்தகைய எண்ணங்கள் வழக்கமாக முறிகின்றன. ஆதலால் வங்கி சார்ந்த செய்திகளைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கப்பலில் இருந்து இறங்குகிறவரிடம் டாலரும் யூரோவும் இருக்கும், ரூபாய் இராது. கடைக்காரர் டாலரை வாங்கிக்கொண்டு வாய்க்கு வந்த மாற்றுவிலை சொல்வது இருவருக்கும் நல்லதன்று. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், 1999 இன்படி, உரிமம் பெற்றவர் மட்டுமே வெளிநாட்டு நாணயத்தை மாற்றித்தரலாம். அட்டையால் வாங்குவது இதைவிட எளிது. ஆனால் சிறுகடைகளில் உள்ள இயந்திரங்கள் பலவற்றில் வெளிநாட்டு அட்டை செல்லாது. கடைக்காரர் கேட்டுக்கொண்டால் வங்கி அவ்வசதியைத் திறந்துவிடும். கழிவு சற்றுக் கூடுதல் என்பதை விலையில் கணக்கிட்டுக்கொள்ளலாம். 2023 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, ஜி-20 நாடுகளிலிருந்து வருவோர் ரூபாயை முன்கூட்டியே நிரப்பிய பணப்பை வழியாக யூபிஐ மூலம் கடைகளில் செலுத்தலாம் என்று இசைவளித்தது. முதலில் சில விமான நிலையங்களில் தொடங்கிய திட்டம் அது. கப்பல் முனையத்தில் அத்தகைய பணப்பையை வழங்கும் மேசை ஒன்று, இராத்தங்கல் நாள்களில் மாலை ஏழுமணிவரை இருந்தால், பள்ளுருத்தித் தட்டுக்கடையில் ஒட்டியிருக்கும் அதே கியூஆர் படத்தில் ஜெர்மானியர் ஒருவர் நாற்பது ரூபாய் செலுத்திவிட்டுப் போவார். புதிதாக எந்தக் கருவியும் கடைக்காரர் வாங்க வேண்டியதில்லை.

இதையே திருப்பிப் பார்த்தால், வெளிநாட்டுத் துறையில் இராத்தங்கப்போகும் நம் வாசகர்களுக்கான குறிப்பு கிடைக்கும். 2020இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதியின்படி, புதிதாக வழங்கும் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே இருக்கும். கிளம்புமுன் செயலியிலோ கிளையிலோ திறந்து, உச்சவரம்பும் வைத்துக்கொள்ள வேண்டும். கடைகளில் அட்டை இயந்திரம் ‘ரூபாயில் செலுத்துகிறீர்களா, இவ்வூர் நாணயத்திலா?’ என்று பணிவோடு கேட்கும். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்றுவிலையை அந்தக் கடையின் நிறுவனம் தீர்மானிக்கும். அது நமக்குச் சாதகமாக இருப்பது அரிது. உள்ளூர் நாணயம் என்றே சொல்லுங்கள். கப்பலின் செலவுக்கணக்கிற்கு ஈடாகச் சேமிப்புக் கணக்கு அட்டையைக் கொடுப்பதையும் நாம் பரிந்துரைப்பதில்லை. கப்பலில் ஏறும்போதே ஒரு தொகையைப் பிடித்துவைப்பார்கள். கடனட்டையில் அது வரம்பைக் குறைக்கும், அவ்வளவே. சேமிப்புக் கணக்கிலோ நம் சொந்தப் பணம் பயணம் முடிந்த பின்னும் சில நாள் முடங்கிக் கிடக்கும். இரவில் வெளியே போகும்போது கடவுச்சீட்டின் நகல், ஓர் அட்டை, அன்றைய செலவுக்கான உள்ளூர்ப் பணம், துறைமுக முகவரின் தொலைபேசி எண் ஆகியவை இருந்தால் போதும். கொச்சியில் மட்டும் கூடுதலாகக் கொசுவிரட்டிக் களிம்பு. இந்நகரின் அந்திக் கொசுக்கள் எந்த நாட்டுக் கடவுச்சீட்டையும் பார்ப்பதில்லை.

ஆட்டோக் கட்டணம் மற்றொரு தடை. கப்பல் வந்த நாளில் துறைமுக வாயிலில் சொல்லப்படும் தொகை, வராத நாளில் அதே தூரத்திற்குச் சொல்லப்படுவதன்று. இதற்காக ஓட்டுநரை மட்டும் குறைசொல்ல நாம் ஆயத்தமாக இல்லை. ஆண்டில் சில நாள் மட்டுமே வரும் வாடிக்கையாளரிடம், அந்தச் சில நாளின் வரவை எடுத்துவிட வேண்டும் என்று எவருக்கும் தோன்றும். வாயிலில் முன்பணச் சாவடி ஒன்றை வைத்து, பள்ளுருத்தி இவ்வளவு, கும்பளங்கி போய்வர இவ்வளவு, காத்திருப்பு மணிக்கு இவ்வளவு என்று பலகையில் எழுதிவிட்டால் பேரமும் முணுமுணுப்பும் போய்விடும். 2023இல் தொடங்கிய கொச்சி நீர்வழி மெட்ரோ இப்பகுதிக்கும் நீண்டு வருகிறது. இராத்தங்கல் நாள்களில் அதன் கடைசிப் படகு பத்து மணிக்கு இருந்தால், மட்டாஞ்சேரியில் உணவு முடித்துத் திரும்புவோர்க்கு ஆட்டோகூடத் தேவைப்படாது.

கப்பலில் வேலை செய்வோரை எவரும் நினைப்பதில்லை. ஒரு பகல் மட்டும் நிற்கும் துறையில் அவர்களுக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தால் பெரிது. இராத்தங்கும் துறையில்தான் முறைவைத்து அரைநாள் வெளியே வர முடிகிறது. சமையற்கூடத்திலும் இயந்திர அறையிலும் அறைகளைத் துப்புரவு செய்யும் பிரிவிலும் இந்தியர் பலர் இருக்கிறார்கள். அவர்கள் தேடுவது சீன வலையை அல்ல. வீட்டுச் சுவையில் சோறு, முடிவெட்டும் கடை, வேகமான இணையம், பணம் அனுப்பும் வசதி. இவை எல்லாம் பள்ளுருத்தியில் இரவு ஒன்பது மணிவரை திறந்தே இருக்கின்றன. பயணி ஒருவர் வாங்கும் நினைவுப்பொருளைவிட, பணியாளர் ஒருவர் உண்ணும் கப்பையும் மீன்கறியும் ஊருக்குள் நேரே வந்து சேரும் பணம்.

இவற்றில் எதற்கும் பெருமுதலீடு வேண்டியதில்லை. எந்தக் கப்பல் எந்நாளில் வருகிறது, எந்நாள் போகிறது என்பதைத் துறைமுகம் பல மாதங்களுக்கு முன்பே அறியும். அந்த அட்டவணையிலிருந்து இராத்தங்கல் நாள்களை மட்டும் பிரித்தெடுத்து, நிலவு நாள்களையும் பக்கத்தில் குறித்து, பருவம் தொடங்கும் அக்டோபரிலேயே மலையாளத்தில் ஒரு தாளில் அச்சிட்டு, பள்ளுருத்தி வணிகர்களுக்கும் பெரும்படப்பு ஆட்டோ நிறுத்தத்திற்கும் கும்பளங்கித் தோணிக்காரர்களுக்கும் கொடுத்துவிட வேண்டும். அவ்வூர் வங்கிக் கிளைகளின் அறிவிப்புப் பலகையிலும் ஒரு பிரதி ஒட்டலாம்.